கண்ணருகு வில்லை

தொலைநோக்கி என்றவுடன் நம் உள்ளம் அதன் நீண்ட குழாயையே நினைக்கும். விண்மீன்களின் ஒளியைத் திரட்டித் தருவது அக்குழாயின் முகப்பில் உள்ள பெரிய வில்லையோ, அடியில் உள்ள குழியாடியோ ஆகும் என்பது உண்மையே. ஆயினும், திரட்டிய ஒளியைக் கண்ணுக்கு ஏற்ற காட்சியாக ஆக்கித் தருவது, விரலளவினதாய்க் கண்ணருகே பொருந்தும் சிறு வில்லைத் தொகுதியே. அதனைக் கண்ணருகு வில்லை என்பர். கடைகளில் ஐபீஸ் என வழங்குவர். வயலில் விளைந்த நெல்லும் உலையேறிச் சோறான பின்னரன்றோ பசி தீர்க்கும்? அதுபோலத் திரண்ட ஒளி பயன்படுவது இவ்வில்லையின் வாயிலாகவே.

இதன் சிறப்பை விளக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. இங்கிலாந்து நாட்டுப் பாத் நகரில் வாழ்ந்த வில்லியம் ஹெர்ஷெல், இசையைத் தொழிலாகவும் வானியலை விருப்பக் கல்வியாகவும் கொண்டவர். தம் தொலைநோக்கிக்கு வேண்டிய ஆடியைத் தம் கையாலேயே தேய்த்து அமைத்தவர். 1781ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 13ஆம் நாள் இரவு, 227 மடங்கு பெருக்கும் கண்ணருகு வில்லையால் விண்மீன்களை ஆராய்கையில், ஏனையவற்றினும் பெரிதாய்த் தோன்றிய ஒன்றைக் கண்டார். உடனே அவ்வில்லையை எடுத்துவிட்டு, 460 மடங்கும் 932 மடங்கும் பெருக்கும் வில்லைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்தி நோக்கினார். பெருக்கத்திற்கு ஏற்ப அதன் வட்டம் விரிந்தது. அருகிலிருந்த விண்மீன்களோ அவ்வாறு விரியவில்லை. ஆகவே அது விண்மீன் அன்று எனத் துணிந்தார். முதலில் வால்மீன் என்றே கருதப்பட்ட அது, பின்னர்ச் சனிக்கு அப்பால் இயங்கும் கோள் எனத் தெளியப்பட்டது. அதுவே யுரேனசு. கண்ணருகு வில்லையை மாற்றி மாற்றி நோக்கியதே இவ்வுண்மைக்கு வழிகாட்டிற்று.

இனி, உருப்பெருக்கத்தை அறியும் கணக்கைக் காண்போம். ஒவ்வொரு வில்லைக்கும் ஆடிக்கும் குவியத் தொலைவு என்று ஒன்று உண்டு. தொலைநோக்கியின் குவியத் தொலைவைக் கண்ணருகு வில்லையின் குவியத் தொலைவால் வகுத்தால் கிடைப்பதே உருப்பெருக்கம். வாயகலம் 150 மில்லிமீட்டரும் குவியத் தொலைவு 1,200 மில்லிமீட்டரும் உடைய ஒரு தொலைநோக்கியை எடுத்துக்கொள்வோம். 25 மில்லிமீட்டர் வில்லை அதில் 48 மடங்கும், 10 மில்லிமீட்டர் வில்லை 120 மடங்கும் பெருக்கும். எண் சிறுத்தால் பெருக்கம் மிகும் என்பதை மறவாதீர்கள்.

அங்ஙனமாயின், இன்னும் சிறிய எண்ணுடைய வில்லையைத் தேடி வாங்குதல் நன்றன்றோ எனச் சிலர் வினவலாம். நன்றன்று. தொலைநோக்கி திரட்டும் ஒளியின் அளவு அதன் வாயகலத்தால் வரையறுக்கப்பட்டது. கண்ணருகு வில்லை அதனைக் கூட்டமாட்டாது. 48 மடங்கை ஐந்து மடங்காக்கி 240 ஆக்கினால், அதே ஒளி 25 மடங்கு பரப்பில் பரவும். கைப்பிடிச் சந்தனத்தைப் பெருஞ்சுவர் முழுதும் பூசினாற்போல, நெபுலா போன்ற மங்கிய பொருள்கள் மேலும் மங்கும். அன்றியும், நம் தலைக்கு மேலுள்ள காற்று ஓயாது அசைகின்றது. பெருக்கம் மிகுந்தால் அவ்வசைவும் உடன் பெருகும். வாயகலத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இரண்டு மடங்கு என்பதே மேல்வரம்பாகக் கொள்ளத்தக்கது. 60 மில்லிமீட்டர் வாயகலமுடைய கருவிக்கு அவ்வரம்பு 120 மடங்கு. அத்தகைய கருவி வைத்த பெட்டியின்மேல் ‘500 மடங்கு’ என அச்சிட்டிருப்பின், அதனை நம்பிப் பொருளிழத்தல் தகாது.

தொடக்கத்தில் இரண்டு வில்லைகளே போதும். முதலாவது, 25 மில்லிமீட்டர் அளவினது. 50 பாகைத் தோற்றப் புலமுடைய வில்லையாயின், மேற்கூறிய தொலைநோக்கியில் அது ஒரு பாகைக்குச் சற்று மிகுதியான வானத்தைக் காட்டும். இரண்டு முழுமதிகளை அடுத்தடுத்து வைக்கக்கூடிய பரப்பு அது. பொருளைத் தேடிப் பிடிக்கவும், விண்மீன் கூட்டங்களைக் காணவும் அதுவே ஏற்றது. இரண்டாவது, 10 மில்லிமீட்டர் அளவினது. நிலவின் பள்ளங்களையும் சனியின் வளையத்தையும் காண உதவும். இவற்றோடு பார்லோ வில்லை ஒன்று இருப்பின் நன்று. இருமடங்குப் பார்லோவைச் சேர்த்தால் 48 என்பது 96 ஆகும். 120 என்பது 240 ஆகும். இரண்டு வில்லைகள் நான்கின் பயன் தரும்.

வாங்குமுன் இரண்டு செய்திகளை உசாவுதல் வேண்டும். முதலாவது, குழலின் பருமன். இக்காலத்தில் பெருவழக்கானது ஒன்றேகால் அங்குலம். இரண்டு அங்குலத்தனவும் உண்டு. தொலைநோக்கியின் வாய்க்குப் பொருந்தாத வில்லை, வேறு பூட்டின் திறவுகோலை ஒக்கும். இரண்டாவது, கண்ணுக்கும் வில்லைக்கும் இடையே இருத்தற்குரிய தொலைவு. மூக்குக்கண்ணாடி அணிவோர், 15 முதல் 20 மில்லிமீட்டர் இடைவெளி தரும் வில்லையையே தேர்ந்துகொள்க. பலருக்கும் ஏற்ற எளிய வகை, 19ஆம் நூற்றாண்டில் வியன்னா நகரத்துச் சைமன் பிளாசில் வகுத்த அமைப்பாகும். இன்றும் அவர் பெயராலேயே அது விற்கப்படுகின்றது.

துணைக்கருவிகளுள் இன்றியமையாதவை சிலவே. குழாயின் பக்கத்தில் பொருந்தும் சிறு தேடுநோக்கி, பொருளிருக்கும் திசையைக் காட்டும். சிவப்பு ஒளி தரும் கைவிளக்கு, வான வரைபடத்தைப் படிக்க உதவும். இருளுக்குக் கண் பழக ஏறத்தாழ அரைமணி நேரம் ஆகும்; வெள்ளொளி அப்பழக்கத்தை நொடிப்பொழுதில் கெடுத்துவிடும்.

வில்லையைப் பேணுதலில் முதல் விதி, தேவையின்றித் துடையாதிருத்தலே. சிறிது தூசி காட்சியைக் கெடுப்பதில்லை. தவறாகத் துடைத்தலோ, ஒளி மீளாதபடி பூசப்பட்ட மெல்லிய பூச்சில் கீறலை உண்டாக்கும். மேலாடையின் நுனியால் துடைப்பதும், வாயால் ஊதுவதும் ஆகா. முதலில் இரப்பர்க் குமிழால் காற்றை ஊதுக. பின்னர் மென்தூரிகையால் தூசியை நீக்குக. இமைமயிரின் எண்ணெய்ப் பசை படிந்திருந்தாலன்றி நீர்மம் வேண்டா. வேண்டுமாயின், வில்லை துடைப்பதற்குரிய தாளைத் தக்க நீர்மத்தில் சிறிது நனைத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி மெல்லத் தடவுக. நீர்மத்தை வில்லையின்மேல் நேரே ஊற்றினால் அது உள்ளே புகுந்துவிடும். வில்லைத் தொகுதியை ஒருபோதும் கழற்றாதீர்கள்.

ஈரக்காற்று மிக்க ஊர்களில் வில்லையின் பெரும்பகை பூஞ்சணம். அது பற்றினால் பூச்சையும் கண்ணாடியையும் அரிக்கும். பனி படிந்த வில்லையை ஈரத்தோடு மூடாமல், நன்கு உலர்ந்த பின்னரே மூடிவைக்க. பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளை இட்டு, அவ்வப்போது மாற்றுக.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. கண்ணருகு வில்லையில் திருகிப் பொருத்தும் கருங்கண்ணாடியை நம்பி ஞாயிற்றை நோக்குதல் கூடவே கூடாது. தொலைநோக்கி குவிக்கும் வெப்பம் முழுதும் அக்கண்ணாடியில் விழும். அது திடீரெனப் பிளக்கும். விழித்திரைக்கு வலியுணர்வு இல்லை. ஆதலின் கண் எரிவதை உணருமுன்னரே பார்வை போய்விடும். தொலைநோக்கியின் முகப்பு முழுவதையும் மூடும், ஞாயிற்றுக்கென்றே செய்யப்பட்ட வடிகட்டியைப் பொருத்தி, தேடுநோக்கியையும் மூடி, ஆசிரியர் முன்னிலையிலேயே நோக்குதல் வேண்டும். கெட்ட வில்லைக்கு மாற்று வாங்கலாம். கண்ணுக்கு மாற்று எங்கே வாங்குவது?

மாணவர்களே! பெருக்கம் மிகுந்த கருவியைவிடத் தெளிவு மிகுந்த காட்சியே மேலானது. வில்லைகள் பல குவித்தவரினும், இரண்டே வைத்து அவற்றின் எல்லையறிந்து பேணி, ஒவ்வோர் இரவும் பொறுமையுடன் நோக்குபவரே வானத்தை மிகுதியாகக் காண்பர்.