முதற் காப்புப் பிரதி இடையில் நின்றால் செய்யவேண்டுவன

குடியானவர்கள் தம் நிலப் பத்திரங்களின் படங்களையும் சாகுபடிக் கணக்குகளையும், கிராம அலுவலர்கள் தம் பதிவுகளையும் இக்காலத்தில் கம்ப்யூட்டரில் வைத்து வருகின்றனர். யந்திரம் பழுதுற்றால் இவையாவும் ஒருங்கே அழியக்கூடுமாதலால், வேறொரு டிஸ்க்கில் காப்புப் பிரதி எடுத்துவைத்தல் அவசியம். இதற்குரிய மென்பொருள்களுள் ‘ரெஸ்டிக்’ என்பது விலையின்றிக் கிடைப்பது.

முதற் பிரதி எல்லாக் கோப்புகளையும் கொண்டு செல்வதால் பல மணி நேரம் பிடிக்கலாம். பின்னர் எடுப்பவை மாறுதல்களை மட்டும் சேர்ப்பதால் விரைவில் முடியும். ஆகவே மின்சாரத் தடை முதற் பிரதியைக் குலைப்பதே மிகுதி.

அவ்வாறு நேர்ந்தவுடன், எழுதியவற்றை அழித்து முதலிலிருந்து தொடங்குவாருமுண்டு. பாதி நட்ட வயலை யாரும் மறுபடி உழுவதில்லை. நட்ட வரிசைக்கு அடுத்தே நடுகிறோம். ரெஸ்டிக் கோப்புகளைத் துண்டுகளாக்கி, ‘ஷா-256’ முறைப்படி ஒவ்வொன்றுக்கும் அதன் உள்ளடக்கத்தைக் கொண்டே பெயரிடுகிறது. அட்டவணையையும் இடையிடையே எழுதிவைக்கிறது. அட்டவணையில் ஏறிய துண்டை மறுபடி எழுதுவதில்லை.

ஆயினும் ‘ஸ்னாப்ஷாட்’ என்னும் பதிவு கடைசியிலேயே எழுதப்படும். அது இல்லாதவரை, டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருப்பினும், பிரதி முடிந்ததென்று நம்பலாகாது.

கைக்கொள்ளவேண்டிய முறை:

1. முன் இட்ட கட்டளையையே, அதே சேமிப்பிடத்தையும் கோப்புறைகளையும் குறித்து, மீண்டும் இடுக.

2. முடிந்தபின் ‘ஸ்னாப்ஷாட்ஸ்’ கட்டளையால் பதிவு உண்டாவெனக் காண்க.

3. ‘செக்’ கட்டளையால் சேமிப்பைச் சோதிக்க. இது சாதாரணமாக அமைப்பை மட்டும் பார்க்கும். ‘ரீட்-டேட்டா’ என்பதையும் சேர்த்தால் துண்டுகள் அனைத்தையும் படித்துப் பார்க்கும்.

4. பூட்டு தடையாயிருப்பதாகத் தெரிவித்தால், வேறெங்கும் அச்சேமிப்பில் வேலை நடக்கவில்லையென்று அறிந்து ‘அன்லாக்’ இடுக. 30 நிமிஷங்களுக்கு மேல் புதுப்பிக்கப்படாதவை போன்ற பழைய பூட்டுகளையே இது நீக்கும்.

5. சில கோப்புகளை ‘ரெஸ்டோர்’ கட்டளையால் வேறொரு கோப்புறையில் மீட்டுத் திறந்து பார்க்க.

இரண்டு விஷயங்களில் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். முதற் பிரதி முடியுமுன் ‘ப்ரூன்’ கட்டளை இடலாகாது. எந்த ஸ்னாப்ஷாட்டிலும் சேராத துண்டுகளை அது அழிக்குமாதலால், அதுவரை எழுதியது முழுதும் வீணாகும். கடவுச்சொல்லை மறந்தால் பிரதியைத் திறக்க வழியே இல்லை. அதனைத் தாளில் எழுதிப் பத்திரப் பெட்டியில் வைத்தல் உசிதம்.

மீட்டுப் பார்த்த பிரதியே பிரதி. அதுவரை மூலக் கோப்புகளில் ஒன்றையும் நீக்காதிருப்பது நலம்.