அறாத ஸ்ட்ரிங் நல்ல ஸ்ட்ரிங்கா?

"அண்ணை, லேசில அறாத ஸ்ட்ரிங் ஒண்டு போட்டுத் தாங்கோ." சிட்னியில் ஹோம்புஷ், ஸ்ட்ராத்ஃபீல்ட் பக்கம் நம்மவர்கள் டென்னிஸ் ராக்கெட்டை ஸ்ட்ரிங் போடக் கொடுக்கும்போது இப்படித்தான் கேட்கிறார்கள். காசு கொடுத்துப் போட்டது நல்லா உழைக்க வேண்டும் என்று நினைப்பது நியாயம்தான். ஆனால் இந்த ஒரு வேண்டுகோளால்தான், வாரத்தில் ஒரு நாள் டபுள்ஸ் ஆடும் நாற்பத்தைந்து வயதுக்காரர் கையில் தொழில்முறை ஆட்டக்காரருக்கான பாலியஸ்டர் வந்து சேர்கிறது. சில மாதங்களில் முழங்கை வலியும் வந்து சேர்கிறது. ஸ்ட்ரிங் மட்டும் அறாமல் அப்படியே இருக்கிறது.

"அறாமல் இருந்தால் நன்றாக உழைக்கிறது என்று அர்த்தம்." இந்த நம்பிக்கையிலிருந்துதான் மற்றத் தவறுகள் பலவும் கிளம்புகின்றன. பாலியஸ்டர் ஸ்ட்ரிங் என்பது ஒரே திண்மையான இழை. உரசலைத் தாங்கும், லேசில் அறாது. ஆனால் அதன் இழுவிசை வேகமாக இறங்கிவிடும். பதினைந்து, இருபது மணி நேர ஆட்டத்துக்குள் அதன் துள்ளல் போய்விடுகிறது. பந்து மட்டையிலிருந்து உயிரில்லாமல் கிளம்புகிறது. அந்தக் குறையை ஈடுகட்ட ஆடுபவர் தன்னையறியாமல் இன்னும் பலமாக வீசுகிறார். தொழில்முறை ஆட்டக்காரருக்கு இது பிரச்சினையே இல்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவர் புதிதாக ஸ்ட்ரிங் போட்டுக்கொள்கிறார். புதுப் பந்து வரும்போதே ராக்கெட்டை மாற்றுகிறவர்களும் உண்டு. நாமோ அதே ஸ்ட்ரிங்கை ஒரு வருடம் வைத்திருந்து, "பாருங்கள், இன்னும் அறவில்லை" என்கிறோம்.

மல்டிஃபிலமென்ட் என்ற மற்றொரு வகை ஸ்ட்ரிங்கின் அமைப்பே வேறு. நூற்றுக்கணக்கில், சிலவற்றில் ஆயிரத்துக்கும் மேல், மெல்லிய நைலான் இழைகளைக் கயிறு திரிப்பதுபோல் முறுக்கி, பாலியூரிதேன் போன்ற பிசினால் பிணைத்து, மேலே ஒரு பூச்சுக் கொடுத்திருப்பார்கள். பந்து படும்போது அது கூடுதலாக நீண்டு கொடுக்கும், பிறகு திரும்பி வரும். பந்தும் ஸ்ட்ரிங்கும் தொட்டிருப்பது ஒரு நொடியின் ஆயிரத்தில் ஐந்து பங்கு அளவுதான். அந்த நேரம் ஒரு துளி நீண்டாலும் கைக்கு வரும் அதிர்ச்சியின் உச்சம் தணிந்துவிடும். டெக்னிஃபைபர் எக்ஸ்-ஒன் பைஃபேஸ், வில்சன் என்எக்ஸ்டி, ஹெட் வெலாசிட்டி எல்லாம் இந்த வகைதான். இவற்றின் உழைப்பை, அறும்வரை எத்தனை மாதம் என்று எண்ணக்கூடாது. எத்தனை மணி நேரம் ஒரே மாதிரி ஆடின என்று எண்ண வேண்டும். அப்படி எண்ணினால், நம் வயதில், நம் வேகத்தில் ஆடுகிறவர்களுக்கு மல்டிஃபிலமென்ட்தான் கூடுதலாக உழைக்கிறது.

"பெரிய ஆட்டக்காரர்கள் எல்லோரும் பாலியஸ்டர்தானே?" யுனைடெட் கோப்பை நடக்கும் ஜனவரி நாட்களில் இந்தக் கேள்வி கூடுதலாக வரும். நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள கென் ரோஸ்வால் அரங்கில் நேரில் பார்த்துவிட்டு வந்து கேட்பார்கள். 1997இல் பிரேசிலின் குஸ்தாவோ குயர்டன், பெல்ஜியத்து லக்சிலான் பாலியஸ்டருடன் பிரெஞ்சு ஓப்பனை வென்ற பிறகுதான் இந்த அலை பெரிதாகக் கிளம்பியது. ஆனால் ஃபெடரர் நெடுக்கு ஸ்ட்ரிங்குகளுக்கு விலங்குக் குடலில் செய்யும் 'இயற்கை கட்' ஸ்ட்ரிங்கையும் குறுக்குக்கு மட்டும் பாலியஸ்டரையும் கட்டி ஆடினார். ஜோகோவிச்சின் ராக்கெட்டும் நெடுங்காலம் அதே கலவைதான். உலகத்திலேயே வேகமாக வீசும் கைகள் கூட மென்மையான ஸ்ட்ரிங்கைத் தேடிப் போகும்போது, வாரம் ஒரு தடவை ஆடும் கைக்கு முழுப் பாலியஸ்டர் எதற்கு? அரங்குக்குப் பெயர் கொடுத்த ரோஸ்வால் தன் முதல் அவுஸ்திரேலிய ஒற்றையர் பட்டத்தை 1953இல் 18 வயதில் வென்றார். கடைசிப் பட்டத்தை 1972இல் 37 வயதில் வென்றார். பாலியஸ்டர் அலைக்கு வெகுகாலம் முந்தியவை இரண்டும்.

இயற்கை கட் என்றதும் பூனைக்குடல் என்று சொல்லும் பழக்கம் இன்னும் போகவில்லை. பூனைக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. 1875இல் பிரான்சின் லியோன் நகரில் பியர் பபோலா டென்னிஸுக்காக முதலில் செய்தது ஆட்டுக்குடலில். இன்று செய்வது மாட்டுக்குடலில். நம் சைவ வீடுகளில் இது சின்ன விஷயமல்ல; பிள்ளையின் ராக்கெட்டில் இருப்பது என்னவென்று தெரிந்த பிறகு பூசை அறைக்குப் பக்கத்தில் பையை வைக்கத் தயங்கிய பெற்றோரை எனக்குத் தெரியும். இழுவிசையைக் காத்து நிற்பதில் இயற்கை கட்டை மிஞ்ச ஆளில்லை என்பது உண்மை. விலையும் அதிகம், ஈரமும் அதற்கு ஆகாது. அந்த மென்மைக்கு மிக நெருக்கமாக வரும் நைலான் பொருள் மல்டிஃபிலமென்ட். மாட்டுக்குடல் வேண்டாம் என்பவர்கள் எந்தக் குறையும் நினைக்காமல் இதற்கு வரலாம்.

"மல்டிஃபிலமென்ட் சீக்கிரம் பிய்ந்துவிடும்." பாதி உண்மை. மீதிப் பாதிக்குக் காரணம் நம் ஊர் ஆடுகளம். சிட்னியில் உள்ளூர் கிளப்புகளிலும் கவுன்சில் பூங்காக்களிலும் மணல் தூவிய செயற்கைப் புல் களங்கள் ஏராளம். முழங்காலுக்கு நல்லது, மழை விட்டவுடன் ஆடலாம். ஆனால் பந்து ஒவ்வொரு தடவையும் மணலை அள்ளிக்கொண்டு வந்து ஸ்ட்ரிங்கில் மோதுகிறது. ஆட்டம் முடிந்ததும் ராக்கெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, நடுவில் உள்ள நெடுக்கு ஸ்ட்ரிங் ஒன்றைக் கட்டைவிரலால் மெல்ல ஒதுக்கிப் பாருங்கள். குறுக்கு ஸ்ட்ரிங் உரசிய இடத்தில் மெல்லிய பள்ளமும் வெள்ளைப் பிசிறும் தெரியும். சில நேரம் மணல் துகளே அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். அறுப்பது அதுதான். காய்ந்த துணியால் துடைத்துவிட்டுப் பையில் வையுங்கள், அவ்வளவு போதும்.

பிசிறு கண்டவுடன் பயப்படத் தேவையில்லை. பூச்சு தேய்ந்து வெளி இழைகள் எழும்புவது இந்த வகையின் இயல்பு, அதற்குப் பிறகும் பல ஆட்டங்கள் ஓடும். நெடுக்கு ஸ்ட்ரிங்கின் கனத்தில் பாதி போய்விட்டால்தான் மாற்றும் நேரம். முன்கூட்டியே இப்படிக் கண்ணுக்குக் காட்டுவது எனக்கு மல்டிஃபிலமென்ட்டில் மிகவும் பிடித்த குணம். பாலியஸ்டர் செத்துப்போனாலும் வெளியே பளபளப்பாகவே இருக்கும். மணல் களத்தில் ஆடுபவர் 1.25 மில்லிமீட்டருக்குப் பதிலாக 1.30 கேட்டு வாங்கலாம். பந்தை உணர்வதில் கொஞ்சம் குறையும், ஆயுள் நீளும். அதுவும் மாதத்துக்கு ஒன்று அறுகிறதென்றால், நெடுக்கில் பாலியஸ்டரும் குறுக்கில் மல்டிஃபிலமென்ட்டுமாகப் போட்டுப் பார்க்கலாம். முதலில் அறுவது பெரும்பாலும் நெடுக்குத்தான். எப்போதாவது ஆடும் பத்து வயதுப் பிள்ளைக்கு இவை எதுவுமே வேண்டாம். சாதாரண நைலான், அதாவது கடைகளில் சிந்தெட்டிக் கட் என்று விற்பதே தாராளம்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020 ஜனவரி 4 அன்று நம் மேற்கே பென்ரித்தில் 48.9 டிகிரி செல்சியஸ் பதிவானது. அப்படிப்பட்ட நாளில் மூடிய காரின் டிக்கிக்குள் கிடந்தால் எந்த ஸ்ட்ரிங்கும் தளர்ந்துபோகும். ஆடாமல் வைத்திருந்தால் புதிதாகவே இருக்கும் என்பதும் தவறு. போட்ட முதல் நாளிலிருந்தே இழுவிசை இறங்கத் தொடங்கிவிடுகிறது.

"இறுக்கமாகப் போட்டால் அடி பலமாக விழும்." நேர்மாறு. டென்னிஸ் பந்தை 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டால் 135 முதல் 147 வரைதான் எழும்ப வேண்டும் என்பது விதி. அதாவது நசுங்கும் பந்து தன் சக்தியில் கிட்டத்தட்ட பாதியைத் தொலைத்துவிடுகிறது. ஸ்ட்ரிங் பெரும்பாலானதைத் திருப்பிக் கொடுக்கும். எனவே ஸ்ட்ரிங் இளகிக் கொடுத்தால் பந்து குறைவாக நசுங்கி, சற்றே வேகமாகக் கிளம்பும். இறுக்கத்தால் கிடைப்பது கட்டுப்பாடு. அந்த வேறுபாடும் நாம் நினைக்கும் அளவுக்குப் பெரிதல்ல. சிட்னிப் பல்கலைக்கழக இயற்பியலாளர் ராட் கிராஸ் டென்னிஸ் ராக்கெட்டையும் ஸ்ட்ரிங்கையும் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவர் பங்கெடுத்த ஒரு சோதனையில், பழகிய ஆட்டக்காரர்கள் பலராலும் இரண்டு ராக்கெட்டுகளுக்கு இடையிலான இழுவிசை வேறுபாட்டைச் சரியாகச் சொல்ல முடியவில்லை. "ஐம்பத்தைந்தா, ஐம்பத்தாறா" என்று கடையில் நின்று வாதிடுபவர்களிடம் இதை நான் தவறாமல் சொல்வேன். ராக்கெட்டில் அச்சிட்டிருக்கும் வரம்பின் நடுவில் தொடங்குங்கள். கை நொந்தால் இரண்டு, மூன்று பவுண்ட் குறையுங்கள்.

ஸ்ட்ரிங்குகளுக்கு நடுவே செருகும் ரப்பர் டாம்பனர் முழங்கையைக் காக்கும் என்பதும் பரவலான நம்பிக்கை. அது நிறுத்துவது ஸ்ட்ரிங்கின் 'டிங்' ஒலியை மட்டும். சட்டத்தின் அதிர்வும் மோதலின் அதிர்ச்சியும் அப்படியே கைக்கு வந்து சேரும். ஒலி பிடிக்காதவர்கள் தாராளமாகப் போடலாம்.

மல்டிஃபிலமென்ட்டையும் மருந்தாக எண்ண வேண்டாம். தாமதமாக, மணிக்கட்டை மடக்கி அடிக்கும் ஒற்றைக்கை பேக்ஹேண்ட்தான் பலருக்கு முழங்கையின் வெளிப்புறத் தசைநாரைப் பழுதாக்குகிறது. ஸ்ட்ரிங் சுமையைக் குறைக்கும், அடிக்கும் முறையைத் திருத்தாது. தேநீர்க் கோப்பையைத் தூக்கும்போதே வலித்தால் ஸ்ட்ரிங் கடைக்குப் போவதற்கு முன் ஃபிசியோவிடம் போங்கள். வலி இல்லாதவர்கள் அடுத்த முறை கடையில் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: 1.30 மல்டிஃபிலமென்ட், வரம்பின் நடு இழுவிசை, போட்ட தேதியை எழுதி ராக்கெட்டில் ஒட்டித் தரச் சொல்லுங்கள்.