ஊர் வைத்தியசாலையும் ஊரார் அறியும் உரிமையும்

தண்பொருநை யாற்றின் தென்கரையில் விளங்குவது ஆழ்வார்திருநகரி. திருக்குருகூர் என்பது அதன் பழம்பெயர். நம்மாழ்வார் தோன்றிய தலம் என்றும், நவதிருப்பதிகளுள் ஒன்று என்றும், உறங்காப்புளி நிற்கும் இடம் என்றும் அவ்வூரை அறியாதார் இந்நாட்டில் மிகச் சிலரே. திருநெல்வேலியினின்று திருச்செந்தூர் செல்லும் இருப்புப்பாதையில், ஸ்ரீவைகுண்டத்துக்கும் நாசரேத்துக்கும் இடையே அதன் நிலையம் அமைந்துள்ளது. ஆற்றுப் பாசனத்தால் நெல்லும் வாழையும் செழிக்கும் அப்பகுதி 1986-ஆம் ஆண்டு முதல் தூத்துக்குடி மாவட்டத்தைச் சார்ந்தது.

அங்கே வயலில் வேலை செய்யும் கூலியாள் ஒருவனை அந்திப் பொழுதில் பாம்பு தீண்டிற்று என்று கொள்வோம். அவனைத் தூக்கிச் செல்வோர் எத்திசை நோக்கிச் செல்வது? அண்மையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்து இருக்கின்றதா? இரவில் வைத்தியர் இருப்பாரா? இல்லையெனில் ஸ்ரீவைகுண்டத்துக்குச் செல்வதா, திருநெல்வேலிக்கோ தூத்துக்குடிக்கோ விரைவதா? இவ்வினாக்களுக்கு விடை அந்நேரத்தில் தேடற்பாலதன்று. முன்னரே ஊரார் அறிந்திருக்கற்பாலது. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் தண்பொருநைப் பள்ளத்தாக்கில் பெருவெள்ளம் பரந்து, பாதைகள் அறுபட்டு, ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் புகைவண்டியொன்று பயணிகளுடன் நின்றுவிட்ட காலத்தில், அணித்தே உள்ள வைத்தியசாலையின் நிலைமையை அறிந்திருத்தல் எத்துணை இன்றியமையாதது என்பதை அப்பகுதியார் நன்குணர்ந்தனர்.

ஆகவே ஓர் ஊரின் வைத்தியசாலை எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை அவ்வூரார் அறிதற்கு உரியரா? உரியராயின் எவ்வளவு அறியலாம்? எவ்வழியால் அறியலாம்? இம்மூன்றையும் ஈண்டு முறையே ஆராய்வாம்.

1. கல்லிற் பொறித்த கணக்கு

வைத்தியசாலையின் நடைமுறையைப் பலரறிய வெளியிடுதல் மேனாட்டாரிடமிருந்து நாம் கற்ற புதுவழக்கம் என்று சிலர் கருதுவர். அது பொருந்தாது. காஞ்சிபுரத்துக்கு அணித்தாய்ப் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் திருமுக்கூடல் என்னும் ஊர் உள்ளது. அவ்வூர் வேங்கடேசப் பெருமாள் கோயிலில், பதினொன்றாம் நூற்றாண்டில் அரசாண்ட வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று காணப்படுகின்றது. கோயிலைச் சார்ந்து ஒரு கல்விச்சாலையும், மாணாக்கர் உண்டு உறையும் இடமும், வீரசோழன் என்னும் பெயரிய வைத்தியசாலையும் நடைபெற்றமையை அது விரித்துரைக்கின்றது.

அவ்வைத்தியசாலையிற் படுக்கைகள் 15. நோய் நாடும் வைத்தியர் ஒருவர், அறுவைத் தொழில் செய்வார் ஒருவர், மருந்துக்கு வேண்டும் மூலிகைகளைக் கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகியோர் பணிகளும், அவர்க்கு அளக்கப்பட்ட நெல்லும் ஆங்கே குறிக்கப்பட்டுள. சேமித்து வைக்கவேண்டிய மருந்துகள் ஏறக்குறைய இருபதின் பெயர்களும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வாசாஹரீதகி, தசமூலஹரீதகி, வில்வாதி கிருதம் முதலியன அவற்றுட் சில.

இக்கல்வெட்டிற் கூறப்பட்டவற்றை நோக்குவது போலவே, கூறப்படாததையும் நோக்குதல் வேண்டும். படுக்கை எத்தனை, பணியாளர் எத்தனை பேர், ஊதியம் எவ்வளவு, மருந்து எவை என்பனவெல்லாம் சுவரில் உள. படுக்கையிற் கிடந்த நோயாளர் ஒருவர் பெயரேனும், அவருற்ற பிணியேனும் அங்கே இல்லை. அறநிலையத்தின் கணக்கு ஊருக்கு உரியது. நோயாளியின் செய்தி நோயாளிக்கே உரியது. இவ்வேறுபாடே நாம் மேற்கொண்ட ஆராய்ச்சிக்கு அடிப்படையாகும்.

2. நான்கு கூறுகள்

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில், நோயுற்றவன், அதனைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, உடனிருந்து அதனைச் செலுத்துவோன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தனர். இவ்வகுப்பு நமக்கு நல்லதோர் அளவுகோலாகின்றது.

இந்நான்கனுள் முதலாவதாகிய நோயுற்றவனைப் பற்றிய செய்திகள் மறைத்துக் காக்கற்பாலன. ஒருவருக்கு எந்நோய், எப்பொழுது வந்தார், என்ன மருந்து உண்டார் என்பவற்றை அயலார் வினவுதற்கு உரிமையில்லை. சிற்றூர்களில் இது பெரிதும் முக்கியமானது. காசநோய்க்கு மருந்துண்ணும் பெண்ணின் பெயர் வெளிப்படின் அவள் திருமணம் தடைப்படலாம். மனநோய்க்கு வைத்தியம் பெறுவானின் செய்தி பரவின் அவன் பிழைப்புக் கெடலாம். அச்சத்தால் அவர்கள் வைத்தியசாலைக்கு வருவதையே விட்டொழிப்பாராயின், அங்கே மருந்திருந்தும் பயன் என்னை?

ஏனைய மூன்றும் அவ்வாறானவை அல்ல. வைத்தியர் பணியிடங்கள் எத்தனை, அவற்றுள் நிரம்பியவை எத்தனை. எந்நாளில் எந்நேரம் வைத்தியம் நடைபெறும். மருந்து இருப்பு எவ்வளவு. செவிலியரும் மருந்தாளுநரும் எத்துணையர். கட்டடத்துக்கும் தூய்மைக்கும் அளிக்கப்பட்ட பணம் எவ்வாறு செலவாயிற்று என்னும் இவை பொதுச் செய்திகள். இவற்றுக்காகும் பொருள் குடிகள் இறுத்த வரியினின்று வருவது. ஆதலின் கணக்கும் அவர்க்கு உரியதாகும்.

3. சட்டம் கூறுவது

அரசாங்கத்தின் ஏடுகளை மக்கள் காணலாம் என்னும் சட்டத்தை உலகில் முதற்கண் இயற்றிய நாடு சுவீடன், ஆண்டு 1766. நம் நாட்டில், இராஜஸ்தானத்துச் சிற்றூர்களில் கூலிப் பட்டியல்களையும் செலவுக் கணக்குகளையும் ஊரார் முன் படித்துக் காட்டவேண்டும் என்று 1990-க்குப் பின் எழுந்த கிளர்ச்சி இவ்வுரிமைக்கு வித்திட்டது. தமிழ்நாடு 1997-ஆம் ஆண்டிலேயே இதற்கென ஒரு சட்டம் இயற்றிற்று. ஆயினும் அதன்கண் விலக்குகள் மிகுதி. இந்தியா முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன் முக்கியப் பகுதிகள் வருமாறு:

முதலாவது, வினவாமலே வெளியிடுதல். சட்டத்தின் 4-ஆம் பிரிவு, ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் கடமைகள், அலுவலர் பட்டியல், மாத ஊதியம், வரவு செலவுத் திட்டம், மக்கட்குள்ள வசதிகள் முதலியவற்றைத் தானாகவே வெளியிடுமாறு கட்டளையிடுகின்றது. மக்கள் விண்ணப்பம் எழுதவேண்டிய தேவையைக் குறைப்பதே இதன் நோக்கம்.

இரண்டாவது, வினவிப் பெறுதல். தமிழ்நாட்டில் 10 ரூபாய்க் கட்டணத்துடன் எவரும் விண்ணப்பிக்கலாம். அக்கட்டணத்தை நீதிமன்ற வில்லையாக ஒட்டியும் செலுத்தலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளார்க்குக் கட்டணமில்லை. எதற்காகக் கேட்கின்றீர் என்று காரணம் வினவுதல் கூடாது. 30 நாளுக்குள் விடையளித்தல் வேண்டும். உயிரையோ சுதந்தரத்தையோ பற்றியதாயின் 48 மணிக்குள் அளித்தல் வேண்டும். விண்ணப்பம் உரியதல்லாத அமைப்புக்குச் சென்றதாயின், பெற்றவர் அதனை 5 நாளுக்குள் உரிய அமைப்புக்கு மாற்றியனுப்பக் கடமைப்பட்டவர்.

மூன்றாவது, மேல்முறையீடு. விடை வராவிடினும் மறுக்கப்படினும், அவ்வமைப்பிலேயே மேலான அலுவலர்க்கு 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடும், அதிலும் நிறைவுறாவிடின் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு 90 நாளுக்குள் இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம். தக்க காரணமின்றித் தாமதித்த அலுவலர்க்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

நான்காவது, விலக்குகள். தனிப்பட்டவர் செய்திகளை 8-ஆம் பிரிவு விலக்குகின்றது. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தால் இவ்விலக்கு முன்னினும் விரிவாக்கப்பட்டு, அத்திருத்தம் 2025-ஆம் ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆயினும், நேரும் தீங்கினும் பொதுநலம் மிகுமாயின் தகவலை வெளியிடலாம் என்னும் 8(2)-ஆம் உட்பிரிவு நிலைத்திருக்கின்றது. ஓர் ஏட்டின் ஒரு பகுதி மட்டும் மறைக்கற்பாலதாயின், அதனை நீக்கி ஏனையதைத் தருமாறு 10-ஆம் பிரிவு கூறுகின்றது.

4. வினவும் முறை

உரிமை இருப்பது ஒன்று. அதனைத் திறம்படக் கையாளுதல் மற்றொன்று. 2011-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தேர்வு விடைத்தாள்களைப் பற்றிய வழக்கொன்றில், அலுவலகத்தில் உள்ள ஏடுகளைத் தருதலே கடமையென்றும், இல்லாத செய்தியைப் புதிதாகத் தொகுத்து ஆக்கித் தருதல் கடமையன்று என்றும் தெளிவுறுத்திற்று. ஆகவே "வைத்தியம் ஏன் ஒழுங்காக நடைபெறவில்லை?" என்று வினவுவோர் வெறுங்கையுடன் மீள்வர். இன்ன காலத்து இன்ன பதிவேட்டின் படி வேண்டும் என்போர் பயன் பெறுவர்.

அரசாங்க வைத்தியசாலைகளுக்கு மருந்து வாங்கி வழங்குதற்கென 1994-ஆம் ஆண்டில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நிறுவப்பட்டது. கழகத்தின் மாவட்டக் கிடங்கினின்று ஒவ்வொரு நிலையமும் பெறும் மருந்து, அந்நிலையத்துக்குரிய கணக்குப் புத்தகத்திற் பதியப்படுகின்றது. நிலையத்திலும் இருப்புப் பதிவேடு உண்டு. எனவே மருந்தைப் பற்றிய வினாவுக்கு ஏடு இல்லை என்னும் விடை எளிதில் எழாது. ஆழ்வார்திருநகரிப் பகுதியார் ஒருவர் பின்வருமாறு வினவலாம்:

(அ) இந்நிலையத்துக்கு ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்கள் எவை? இன்ன தேதியில் அவற்றுள் காலியாக இருந்தவை எவை?

(ஆ) வெளிநோயாளர் பார்க்கப்படும் நேரமும், இரவுப் பணி ஏற்பாடும் குறித்த ஆணையின் படி.

(இ) சென்ற ஆறு மாதத்தில் பாம்புக்கடி மருந்து, நாய்க்கடித் தடுப்பு மருந்து ஆகியவற்றின் இருப்புப் பதிவேட்டுப் பக்கங்களின் படி.

(ஈ) சென்ற நிதியாண்டில் நிலையத்தின் பராமரிப்புக்கு வந்த தொகையும், செலவுச் சீட்டுக்களின் படியும்.

(உ) அப்பதிவேடுகளை நேரில் பார்வையிட நாளும் நேரமும் குறித்தளிக்க வேண்டுதல்.

இவற்றுள் ஒன்றேனும் நோயாளர் பெயரைக் கேட்கவில்லை. பணியாளர் பெயரையும் கேட்கவில்லை; பதவியையே கேட்கின்றது. இவ்வாறு வினவுவார்க்குத் தனிப்பட்டவர் செய்தியென்னும் விலக்கைக் காட்டி மறுத்தல் அரிது.

5. தனியார் வைத்தியசாலைகள்

நம் பகுதியில் அரசாங்க வைத்தியசாலைகள் மட்டுமே உள்ளன அல்ல. ஆழ்வார்திருநகரிக்கு அடுத்த நிலையமாகிய நாசரேத்தில், மிஷன் தொண்டால் எழுந்த பரிசுத்த லூக்கா மருத்துவமனை நெடுங்காலமாகப் பணிபுரிந்து வருவது நேயர்கள் அறிந்ததே. மிஷன் வைத்தியசாலைகள் பல, பொருளுதவினோர்க்கு ஆண்டறிக்கை அச்சிட்டு, நோயாளர் தொகையையும் வரவு செலவையும் காட்டும் வழக்கத்தை முன்னாளிலேயே கைக்கொண்டன. பொருள் ஈந்தோர்க்குக் கணக்குக் காட்டிய அவ்வொழுக்கம், வரியிறுப்போர்க்குக் கணக்குக் காட்டும் இந்நாட் சட்டத்துக்கு உடன்பிறப்பென்றே கூறலாம்.

அரசாங்கத்தின் பெரும்பொருளுதவி பெறாத தனியார் நிலையங்களை இச்சட்டம் நேரே கட்டுப்படுத்தாது. எனினும் ஒரு வழி உண்டு. தனியார் நிலையங்கள் 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிலையங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவு பெறவேண்டியவை. வேறொரு சட்டத்தால் அரசாங்கம் தனியாரிடம் பெறத்தக்க செய்தியும் தகவலே என்று 2005-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுதலின், பதிவு பற்றிய ஏடுகளை அரசாங்க அலுவலரிடம் வினவலாம். தவிரவும், வைத்தியர் ஒழுக்கம் பற்றிய 2002-ஆம் ஆண்டு விதிகளின்படி, நோயாளியோ அவர்க்குரியாரோ தம் வைத்தியக் குறிப்புக்களைக் கேட்பின் 72 மணிக்குள் அளித்தல் வேண்டும். பிறர்க்கு மறைக்கப்படும் ஏடு உரியவனுக்கு மறைக்கப்படலாகாது என்பது இதன் கருத்து.

இங்கிலாந்தின் வழி சிறிது வேறு. ஆங்கே ஊர் வைத்தியர் பலர் தனித்தொழில் நடத்துவோரேயாயினும், பொதுச் செலவில் வைத்தியம் செய்தலால், அவ்வைத்தியத்தைப் பற்றிய அளவில் அவர்களும் 2000-ஆம் ஆண்டின் தகவல் சுதந்தரச் சட்டத்துக்கு உட்படுத்தப்பட்டுள்ளனர். 20 வேலை நாட்களுக்குள் அவர்கள் விடையிறுத்தல் வேண்டும். கட்டடம் யாருடையது என்பதைக் காட்டிலும், பணம் யாருடையது என்பதையே அச்சட்டம் நோக்குகின்றது.

6. ஒரு மறுப்பும் விடையும்

இவ்வுரிமையை வைத்தியர் சிலர் அஞ்சுவர். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கானவரைப் பார்க்கும் ஒருவர் ஏடு படியெடுத்துக் கொடுப்பதில் பொழுது போக்குவதா என்பர். பகை கொண்டோர் இதனைத் தொல்லை தருதற்குப் பயன்படுத்துவர் என்றும் கூறுவர். இம்மறுப்பில் உண்மை இல்லாமலில்லை. மேற்சொன்ன தீர்ப்பிலேயே, கண்டபடி எல்லாவற்றையும் கேட்டல் நிர்வாகத்துக்கு இடையூறாகும் என்று உச்சநீதிமன்றம் எச்சரித்துள்ளது.

ஆயினும் இதற்கு மருந்து மறைத்தலன்று, முன்னரே வெளியிடுதலேயாகும். பணி நேரமும், நிரம்பாத இடமும், மருந்து இருப்பும் வாயிற் பலகையில் எழுதப்பட்டிருப்பின் விண்ணப்பம் எழுதுவார் யார்? மேலும், அறியாமையால் வைத்தியருக்கே கேடு விளைகின்றது. நான்கு பணியிடங்களில் மூன்று காலியாயிருக்க, எஞ்சிய ஒருவரே யாவரையும் பார்க்கும் நிலையம் ஒன்று உண்டெனக் கொள்வோம். உண்மை அறியாத ஊரார் காத்துக்கிடந்த சினத்தை அவர்மீதே காட்டுவர். காலியிடங்கள் மூன்றென்று அறிந்த ஊராரோ, அவரோடு சேர்ந்து நின்று மேலதிகாரியிடம் முறையிடுவர். கணக்கு வெளிப்படுதல் நேர்மையான வைத்தியருக்கு அரணாகும்.

மாணாக்கர் விடுமுறையில் தம்தம் ஊருக்குச் செல்லும்பொழுது, அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாயிற் பலகையை ஒருமுறை படித்தல் நன்று. அங்கே எழுதியிருப்பவை எவை, எழுதாதன எவை என்று குறித்துக்கொள்க. குறைந்தவற்றை முதலில் வைத்தியரிடமே பணிவுடன் வினவுக. பெரும்பான்மை அவ்வளவிலேயே தெரிந்துவிடும். தெரியாதவற்றுக்கு ஒரு தாளும் 10 ரூபாய் வில்லையும் போதும். எழுத்தறியாத முதியோர்க்கு அவ்விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்து, வந்த விடையைப் படித்துச் சொல்லுதல் கல்வி கற்றார் தம் ஊருக்குச் செய்யத்தக்க சிறு கடமையாகும்.