கணிப்பொறிக்கும் உண்டு மருத்துவம்

மனிதருக்கு மட்டுமா நோய் வரும்? வீட்டிலுள்ள கணிப்பொறிக்கும் வரும். நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்பே மருத்துவம் செய்ய வேண்டும் என்றார் வள்ளுவர். அந்த வரிசையை மறந்து நான் இழந்ததைச் சொல்லவே இக்கட்டுரை.

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15-இல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அவற்றில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ் லினக்ஸ்' என்னும் இயக்க மென்பொருளும் இடம்பெற்றது. அக்காவுக்குக் கிடைத்த அத்தகைய மடிக்கணினி பின்னர் என் கைக்கு வந்தது. லினக்ஸ் பக்கத்தை நான் திறந்தும் பார்த்ததில்லை.

நாட்டுப்புற இலக்கியத் தாளுக்காக அம்மாயி பாடிய தாலாட்டுகளைப் பதிவு செய்திருந்தேன். கைபேசியில் இடமில்லை என்று பென் டிரைவுக்கு மாற்றி, கைபேசியில் அழித்துவிட்டேன். ஒருநாள் அச்செடுக்க வெளியே கொண்டுபோய்த் திரும்பினால், கோப்புறைகள் எல்லாம் 'ஷார்ட்கட்' ஆகியிருந்தன. காந்திபுரத்தில் ஒரு கடைக்கு ஓடினேன்.

"பார்மட் போட்டுரலாங்களா?" என்றார் கடைக்காரர்.

"போடுங்ணா" என்றேன். அன்றிரவே அதில் ஒரு திரைப்படத்தையும் ஏற்றினேன்.

பிறகுதான் படித்தறிந்தேன். இவ்வகை வைரஸ் பெரும்பாலும் கோப்புகளை அழிப்பதில்லை. அவற்றை மறைத்துவிட்டுப் போலிக் குறியை முன்னால் நிறுத்துகிறது. லினக்ஸில் திறந்திருந்தால் மறைந்தவை கண்ணில் பட்டிருக்கும். மருந்து என் மடியிலேயே இருந்தது! விரைவு பார்மட்டும் பொருளடக்கப் பக்கத்தைக் கிழிப்பது போன்றதே. மேலே வேறொன்று எழுதாதவரை மீட்க வழியுண்டு. நானோ எழுதிவிட்டேன். அம்மாயியும் இன்று இல்லை.

ஆகவே நண்பர்களே, பழுது நேர்ந்தால் முதலில் கைவைக்காதீர்கள். என்ன பிழைச்செய்தி வந்தது, அதற்குமுன் எதை நிறுவினோம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். பலவற்றை ஒருங்கே மாற்றினால் காரணம் விளங்காது. மென்பொருளை அதை உருவாக்கியோரின் தளத்திலிருந்தே பெறுங்கள். அரிய கோப்புகளுக்கு இரண்டு இடங்களில் படி வையுங்கள்.

புதுப்பித்தலையும் தள்ளிப்போடாதீர்கள். 2017 மே 12-இல் 'வான்னாகிரை' என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தடைபட்டன. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. ஏறத்தாழ இரண்டு மாதம் வாசலில் காத்திருந்த மருந்தைப் பலர் உட்கொள்ளவில்லை.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. பழைய பொறிகள் பல விண்டோஸ் 11-ஐ ஏற்கா. அதற்காக அவற்றைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதில்லை. எளிய லினக்ஸ் ஒன்றை நிறுவினால் இன்னும் உழைக்கும். ஆனால் நிறுவுமுன் படி எடுத்துவிடுங்கள். பொறியை மீண்டும் வாங்கலாம். அம்மாயியின் குரலை எந்தக் கடையில் வாங்குவது?