இ.எம்.ஐ. சோஃபாவா, பழைய தேக்கா? பட்ஜெட்டுக்குள்ள ஆன்டிக் ஃபர்னிச்சர் வாங்குறது எப்படி?

வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆனவங்க அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "தனியா வீடு எடுத்திருக்கேன். வார்ட்ரோப், சோஃபா, டேபிள் எல்லாம் சேர்த்து 60 ஆயிரம் வருது. நோ காஸ்ட் இ.எம்.ஐ. போடலாமா?"

போடுறதுக்கு முன்னாடி அந்த வார்ட்ரோப் எதுல செஞ்சதுன்னு பாருங்க. பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூளையும் பசையையும் அழுத்திச் செஞ்ச பலகை. ஒரே இடத்துல அசையாம நின்னா பிரச்சினை இல்லை. ஆனா நாம வாடகை வீட்டுக்காரங்க. ரெண்டு தடவை வீடு மாறினா, கழட்டி மாட்டுற ஸ்க்ரூ ஓட்டை எல்லாம் தளர்ந்துடும். தண்ணி பட்டா உப்பிடும். விக்கப் போனா வாங்க ஆள் இருக்காது. கிரெடிட் கார்டுல "நோ காஸ்ட்"னு போட்டாலும் வட்டிப் பகுதிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. பல வங்கிகள் பிராசசிங் கட்டணமும் தனியா எடுக்கும்.

இதே பணத்துக்கு, சில நேரம் இதைவிடக் குறைஞ்ச பணத்துக்கு, பழைய தேக்கு கிடைக்கும். எங்கே தேடணும், எதைப் பார்த்து வாங்கணும்னு தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தை முதல்லயே தெளிவு பண்ணிடுறேன். 1972-ம் ஆண்டுச் சட்டப்படி 100 வருஷத்துக்குக் குறையாத பொருள்தான் தொன்பொருள். கடைக்காரங்க "ஆன்டிக்"னு சொல்றதுல பாதிக்கு மேல அந்த வயசு இருக்காது. நமக்கு அது தேவையும் இல்லை. நம்ம தாத்தா காலத்துல, 1950, 60-கள்ல செஞ்ச தேக்கு மேசை, நாற்காலி, அலமாரிதான் பட்ஜெட்காரங்களுக்குச் சரியான இடம். மரம் நல்லா இருக்கும், "நூறு வருஷம்"ங்கிற பேருக்காகத் தனி விலை கொடுக்க வேண்டாம்.

எங்கே வாங்கலாம்?

தமிழ்நாட்டுல முதல் பேர் காரைக்குடி, முனீஸ்வரன் கோவில் தெரு. அங்கே ஏன் இவ்வளவு பொருள் குவியுதுன்னு தெரிஞ்சா பேரம் பேசவே வசதியா இருக்கும். செட்டிநாட்டு நகரத்தார் பர்மாவுல வட்டித்தொழில் பண்ணி, அங்கிருந்து தேக்கும் இலங்கையில இருந்து முதிரை மரமும் கொண்டுவந்து பெரிய பெரிய வீடு கட்டினாங்க. 1930-களின் பொருளாதார மந்தம், அப்புறம் 1942-ல பர்மாவுல ஜப்பான் படை புகுந்தது, இந்த ரெண்டுலயும் அந்தச் சொத்து பெருமளவு கைவிட்டுப் போச்சு. வீடுகள் மட்டும் நின்னுச்சு. ஒரு வீட்டுக்கு இருபது முப்பது பங்காளிகள், பராமரிக்கச் செலவு பண்ண யாருக்கும் வசதிப்படலை. அப்படி இடிச்சுப் பிரிச்ச வீடுகளோட தூண், கதவு, பெட்டகம், ஊஞ்சல் பலகை, கணக்குப்பிள்ளை மேசை, பீங்கான் ஜாடி எல்லாம்தான் இந்தத் தெருவுக்கு வந்துச்சு.

சென்னையில இருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ்ல நேரா போகலாம். ஆனா ஒரே ஒரு ஸ்டூல் வாங்க 400 கிலோமீட்டர் போகாதீங்க. நாலு நண்பர்கள் சேர்ந்து போய், எல்லாப் பொருளையும் ஒரே வண்டியில ஏத்தினா போக்குவரத்துச் செலவு பிரிஞ்சுடும். முதல் கடையில வாங்காதீங்க. தெருவை ஒரு தடவை முழுசா நடந்து, ஒரே மாதிரிப் பொருளுக்கு மூணு கடையில விலை கேட்டுட்டு அப்புறம் பேசுங்க.

கொச்சி மட்டாஞ்சேரி யூதர் தெரு பார்க்க அழகு. ஆனா அது சுற்றுலாப் பயணிகளுக்கான விலை. பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கிட்டு வந்துடலாம்.

உண்மையில மலிவான இடம் கடையே கிடையாது. வீட்டைக் காலி பண்றவங்கதான். பெற்றோர் வீட்டை பில்டருக்குக் கொடுக்கிறவங்க, பிள்ளைங்களோட வெளிநாடு போறவங்க எல்லாருக்கும் பொருளை இந்த வாரமே நகர்த்தணும். அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப், ஓ.எல்.எக்ஸ். ரெண்டையும் கவனிச்சுட்டே இருங்க. அதுக்கும் முன்னாடி உங்க ஊர் வீட்டுப் பரண்ல, மாட்டுக்கொட்டகையில என்ன கிடக்குன்னு அம்மாகிட்ட கேளுங்க. தாத்தாவோட சாய்வு நாற்காலியைப் பழைய மரக்காரர்கிட்ட சில நூறு ரூபாய்க்குப் போட்டுட்டு, நகரத்துல அதே மாதிரி ஒண்ணை ஆயிரக்கணக்குல வாங்குறவங்க நிறைய பேர்.

என் சொதப்பல்

நான் முதல்ல வாங்கின அலமாரியை "பர்மா தேக்கு"ன்னு சொல்லித்தான் வித்தாங்க. கதவு தேக்குதான். பின்பக்கமும் தட்டுகளும் பிளைவுட், மேல கருப்பு சாயம். வீட்டுக்கு வந்து ரெண்டு மாசம் கழிச்சுத் தரையில மாவு மாதிரி தூள் விழ ஆரம்பிச்சுது. உள்ளே வண்டு உயிரோட இருந்திருக்கு. மருந்து அடிக்க, தட்டு மாத்த, திரும்ப பாலிஷ் போடன்னு வாங்கின விலைக்கு மேல செலவு.

அதனால இப்போ முன்பக்கத்தைக் கடைசியாத்தான் பார்க்கிறேன். பொருளைத் திருப்பச் சொல்லுங்க. முதுகும் அடிப்பக்கமும் பொய் சொல்லாது. இழுப்பறையை வெளியே எடுத்து மூலையைப் பாருங்க. பல் பல்லா கோத்திருக்கிற இணைப்பு கையால அறுத்ததா இருந்தா, பற்கள் ஒண்ணுக்கொண்ணு கொஞ்சம் வித்தியாசப்படும். அச்சுல வார்த்த மாதிரி இருந்தா இயந்திர வேலை. பிளஸ் குறி ஸ்க்ரூ 1930-கள்லதான் அமெரிக்காவுல வந்துச்சு. "1900-ல செஞ்சது"ன்னு சொல்ற மேசையில அது இருந்தா, நடுவுல ரிப்பேர் ஆகியிருக்கு, இல்லைன்னா வயசு பொய்.

ஓட்டை இருந்தா பயப்படாதீங்க. பழைய ஓட்டை கருத்து, காய்ஞ்சு இருக்கும். தட்டினா வெளிர்நிறத்துல புதுத் தூள் கொட்டுச்சுன்னா மட்டும் விட்டுடுங்க.

இன்னொரு தந்திரம் (ஏமாத்துன்னு சொல்ல முடியாது): பழைய தூணையும் கதவையும் அறுத்துப் போன மாசம் செஞ்ச டைனிங் டேபிள். மரத்துக்கு நூறு வயசு, டேபிளுக்கு ஒரு மாசம். பொருள் நல்ல பொருள்தான், வாங்கலாம். ஆனா விலை புது மேசைக்கான விலையா இருக்கணும்.

முழுக் கணக்கு

கடைக்காரர் சொல்றது பாதி விலைதான். உதாரணத்துக்கு ஒரு சாய்வு நாற்காலி 6,000 ரூபாய்னு வச்சுக்குவோம். வண்டிக்கூலி 1,200, பிரம்புப் பின்னல் 1,800, பாலிஷ் 2,000. மொத்தம் 11,000. இந்த 11,000-ஐ வச்சுத்தான் புதுப் பொருளோட ஒப்பிடணும். கடன் வேண்டாம். மாசம் 2,000 ஒதுக்கினா ஆறு மாசத்துல ஒரு பொருள். அதுவரைக்கும் பாயும் பிளாஸ்டிக் நாற்காலியும் போதும், யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.

"நாளைக்கு விலை ஏறுமே, முதலீடு தானே?" இல்லை. நீங்க 10 ஆயிரத்துக்கு வாங்கினதை அதே கடையில விக்கப் போனா பாதி கிடைச்சாலே பெரிசு. முதலீட்டுக்கு எஸ்.ஐ.பி. இருக்கு. ஒரு நல்ல செய்தி மட்டும் உண்டு: சொந்த உபயோகத்துக்கு வச்சிருந்த ஃபர்னிச்சர் வருமான வரிச் சட்டப்படி மூலதனச் சொத்து ஆகாது. லாபத்துக்கு வித்தாலும் மூலதன ஆதாய வரி இல்லை. ஓவியம், சிற்பம், கலைப்பொருளுக்கு இந்தச் சலுகை கிடையாது.

சிற்பம்னதும் ஞாபகம் வருது. கோயில் வாகனத் துண்டு, சாமி உருவம் செதுக்கின மரம் எல்லாம் சில கடையில மலிவா வரும். தொடாதீங்க. அது எந்தக் கோயில்ல இருந்து வந்ததுன்னு கடைக்காரரால சொல்ல முடியலைன்னா, நாளைக்குப் போலீஸ் உங்ககிட்டதான் கேட்கும். மேசை, நாற்காலி வாங்கினாலும் பில் வாங்கிக்குங்க.

கிளம்பும்போது இஞ்சு டேப் ஒண்ணு பையில போடுங்க. லிஃப்ட் கதவு, படிக்கட்டுத் திருப்பம், வீட்டு வாசல் மூணையும் அளந்து போன்ல எழுதி வச்சுக்குங்க. பழைய பெட்டகத்தைக் கழட்டி உள்ளே கொண்டுபோக முடியாது. பாலிஷ்காரர்கிட்ட அரக்குப் பாலிஷா, பி.யு. கோட்டிங்கா, எது கேட்கிறதுன்னு அடுத்த வீடியோவுல பார்ப்போம்.