கடற்குதிரைக் குஞ்சுகளின் முதல் நாற்பது நாள்

கடற்குதிரை என்றதும் எல்லோரும் சொல்வது, அதில் ஆண்தான் பிள்ளை பெறுகிறது என்பதை. உயிரியல் பாடத்தில் இதைக் கேட்டதும் எங்கள் வகுப்பே சிரித்தது. எனக்கோ பிரசவத்துக்குப் பிறகு நடப்பதுதான் பெரிதாகப்பட்டது. மூன்று நான்கு வாரம் தன் பைக்குள் ஒட்சிசன் கொடுத்து, உப்பின் அளவைக்கூடக் கடல்நீருக்கு ஏற்றாற்போல் மாற்றிக் காத்த வாப்பா, குஞ்சுகள் வெளியே வந்ததும் திரும்பியும் பார்ப்பதில்லை. நம் வீடுகளில் பிறந்த பிள்ளையை நாற்பது நாள் கண்ணுக்குள் வைத்துப் பார்ப்போம். தொட்டியில் கடற்குதிரை வளர்ப்பவருக்கும் அதே வேலைதான். ஆனால் பிள்ளைகள் பல நூறு!

நான் இங்கு எடுத்துக்கொள்வது 'ஹிப்போகம்பஸ் குடா' என்ற இனத்தை. இலங்கைக் கடலிலும் இது உண்டு. 1852 இல் பிளீக்கர் என்ற ஒல்லாந்து மருத்துவர் வைத்த பெயர். கடற்குடாவை நினைக்க வேண்டாம்; மலாய் மொழியில் 'குடா' என்றால் குதிரை.

பிறக்கும்போது குஞ்சின் நீளம் ஏறத்தாழ 7 மில்லிமீற்றர். உருவமோ பெரியதன் அச்சு. பிறந்ததும் நீரின் மேல்மட்டத்துக்குப் போய்ச் சிறிது காற்றை விழுங்கி, மிதப்பதற்கான காற்றுப்பையை நிரப்பிக்கொள்கிறது. இதிலேயே ஆபத்தும் இருக்கிறது. குஞ்சுகள் வெளிச்சத்தை நாடுபவை. மேலிருந்து ஒளி விழுந்தால் அங்கேயே கூடி, இரையோடு காற்றுக் குமிழிகளையும் விழுங்கி, கீழே இறங்க முடியாமல் மிதந்தபடி மடிகின்றன. அதனால் வளர்ப்பவர்கள் தொட்டியின் மேற்பகுதியை இருட்டாக்கி, நீர் மெதுவாகச் சுழலும்படி செய்கிறார்கள். மேலே படியும் எண்ணெய்ப் படலத்தையும் அகற்றுகிறார்கள்.

அடுத்தது உணவு. இதைத்தான் நான் மிகவும் கடினமான பகுதி என்பேன். கடற்குதிரைக்குப் பல்லும் இல்லை, இரைப்பையும் இல்லை. குழாய் போன்ற வாயால் உறிஞ்சிய இரை குடல் வழியே விரைந்து போய்விடும். எனவே பகல் முழுவதும் தின்றுகொண்டே இருக்க வேண்டும். அதுவும் அசையும் உயிருள்ள இரையை. பெரும்பாலும் கொடுப்பது ஆட்டீமியா என்னும் சிற்றுயிரின் குஞ்சுகள். உலர்ந்த முட்டைகளை உப்புநீரில் இட்டால் ஏறக்குறைய ஒரு நாளில் பொரித்துவிடும். வசதியான உணவுதான், ஆனால் கடல்மீன் குஞ்சுக்கு வேண்டிய சில கொழுப்பமிலங்கள் அதில் போதாது. இளம் கடற்குதிரையின் குடலால் அதைச் சரியாகச் சமிக்கவும் முடிவதில்லை. விழுங்கிய ஆட்டீமியா உயிரோடே வெளியே வருவதும் உண்டு. வயிறு நிறையத் தின்றும் பட்டினி! ஆகவே முதல் நாட்களில் கோப்பெபொட் என்னும் நுண்ணிய மிதவை உயிர்களைக் கொடுப்பதும், ஆட்டீமியாவுக்கு முதலில் சத்தூட்டிப் பிறகு இரையாக்குவதும் வழக்கம்.

சில வாரங்களில் மிதக்கும் வாழ்வு முடிந்து, வால் எதையாவது பற்றிக்கொள்ளத் தேடும். நூலோ வலைத்துண்டோ கிடைக்காவிட்டால் ஒன்றின் கழுத்தை மற்றொன்று பிடிக்கும். வளர்ச்சியை அளப்பது தலையின் முடியிலிருந்து நிமிர்த்திய வால் நுனி வரை. ஒரே நாளில் பிறந்தவற்றிலும் சில முந்தும், சில பிந்தும். சிறியவற்றுக்கு இரை கிட்டாமல் போவதால் அளவு பார்த்துப் பிரித்து வைக்கிறார்கள்.

2004 முதல் எல்லாக் கடற்குதிரை இனங்களின் சர்வதேச வர்த்தகமும் சைற்றிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. கடலில் பிடித்தவை குறைந்தது 10 சென்ரிமீற்றர் உயரமாவது இருக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரை. கடலில் பிடித்தவை பெரும்பாலும் செத்த இரையைத் தொடாமல் தொட்டியில் மெலிந்து சாகும். தொட்டியிலே பிறந்த குஞ்சை, உறைந்த சிறு இறாலை உயிருள்ள இரையோடு கலந்து கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிவிடலாம்.