"நீங்க உட்காருங்க பாட்டி!"

நண்பர்களே, பெரியவங்களுக்குச் சேவை என்றதும் நம் வாயில் முதலில் வருவது இதுதான்: "நீங்க உட்காருங்க பாட்டி, நாங்க பாத்துக்கிறோம்." அன்பால்தான் சொல்கிறோம். ஆனால் அந்த அன்பு அவர்கள் உடம்பை என்ன செய்கிறது? இந்தப் பாடத்தில் அதைப் பார்ப்போம்.

தசை, பயன்படுத்தினால்தான் நிற்கும். நடுவயதிலேயே மெல்லக் குறையத் தொடங்கும். 60-ஐத் தாண்டினால் வேகம் கூடும். காய்ச்சலில் பத்து நாள் படுத்தால் நாம் சீக்கிரம் தேறிவிடுவோம். முதியவருக்குப் போன பலம் திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம். பலம் குறைந்தால் விழுந்துவிடுவோமோ என்ற பயம் வரும். பயத்தால் நடமாட்டம் குறையும். அதனால் இன்னும் பலம் போகும். இந்தச் சுழலை நம் "உட்காருங்க"வும் சுற்றிவிடுகிறது.

அப்பர் பெருமான் 81 வயதுவரை வாழ்ந்தார் என்பது மரபு. முதுமையிலும் உழவாரப் பணியை அவர் விடவில்லை. கயிலைப் பயணத்தில் கால் தேய்ந்ததும் கையால் தவழ்ந்தார், பிறகு மார்பால் ஊர்ந்தார் என்கிறது பெரியபுராணம். நம் வீட்டுப் பெரியவர்கள் அப்படி வருந்த வேண்டாம். ஆனால் உடம்பு தளர்ந்தாலும் "என் கையால செய்யணும்" என்ற ஆசை தளர்வதில்லை. அப்பரிடம் நான் கற்றுக்கொள்வது அதைத்தான்.

நாம் செய்யக்கூடியவை

1. கைகளை மார்பில் கட்டியபடி, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் பலம் குறைந்திருக்கலாம்; ஆசிய மருத்துவ வல்லுநர்கள் 2019-இல் வகுத்த அளவு இது. டாக்டரிடம் சொல்லுங்கள்.

2. "ராத்திரிக்கு டீயும் பிஸ்கட்டும் போதும்" என்பார்கள். தசைக்கு அது போதாது. பருப்பு, முட்டை, பால், தெம்பே ஏதாவது சேரட்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுச் சாப்பிடட்டும்.

3. குளியலறையில் கைப்பிடி, நடைவழியில் வெளிச்சம். வழுக்கும் கால்மிதியை எடுத்துவிடுங்கள்.

4. வேலையைப் பிடுங்காதீர்கள். எங்கள் வீட்டில் காமாட்சி விளக்கைத் துலக்குவது பாட்டிதான். அரை மணி நேரம் ஆகும், ஆகட்டும். கனமான தண்ணீர் வாளியை மட்டும் நான் தூக்குவேன்.

கலந்து பேச: உங்கள் வீட்டுப் பெரியவரிடமிருந்து எந்தெந்த வேலையை வாங்கிக்கொண்டீர்கள்? அவற்றில் எதை இந்த வாரமே அவர் கையில் திருப்பிக் கொடுக்கலாம்?